ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே பீர் தயாரிக்கத் தொடங்குவோருக்கு

மெல்பர்னுக்கோ அடிலெய்டுக்கோ புதிதாகக் குடிவந்த நம்மவர்களில் சிலர், பீர் தயாரிக்கும் பெட்டியைக் கடையில் பார்த்துவிட்டு, இதை வாங்குவது சட்டப்படி சரிதானா என்று தயங்குகிறார்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம் என்பதால் அந்தத் தயக்கம் இயல்பானதே. இங்கே சொந்த உபயோகத்துக்கு பீர் தயாரிக்க உரிமமும் வேண்டாம், வரியும் இல்லை. ஆனால் அதை விற்கக் கூடாது. சாராய வகைகளை உரிமமின்றி வடித்தெடுப்பது இங்கும் குற்றம்தான்.

தொடக்கத்துக்கு கூப்பர்ஸ் நிறுவனத்தின் 23 லிட்டர் பெட்டி போன்ற ஒன்று போதும். பார்லியை முளைகட்டி, இனிப்புச் சாற்றை இறக்கி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்துச் சுண்டச் செய்யும் கடினமான வேலைகள் ஆலையிலேயே முடிந்து, 1.7 கிலோ டப்பாவில் கெட்டியான மால்ட் பாகாக வந்துவிடுகின்றன. அந்தப் பாகையும் உடன் வரும் சர்க்கரைக் கலவையையும் வெந்நீரில் கரைத்து, 23 லிட்டர் அளவுக்குக் குளிர்ந்த நீர் ஊற்றி, ஈஸ்டைத் தூவி மூடுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அதற்கு முன்னால் சுத்தம். பாத்திரம், கரண்டி, குழாய் அனைத்தையும் கழுவியபின் கிருமிநீக்கியிலும் நனைக்க வேண்டும். வாசனையுள்ள பாத்திர சோப்பு பீரின் நுரையைக் கெடுக்கும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களில் கிருமிகள் தங்கிவிடும். நம் வீடுகளுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கையும் உண்டு: இட்லி மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் பீருக்குள் புகுந்தால் அதையும் புளிக்கவைத்துவிடும் என்பதால், மாவுப் பாத்திரத்தின் அருகில் பீர்க்கலத்தை வைக்காதீர்கள், மாவு கலக்கும் கரண்டியையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஆயினும், நல்ல பீரையும் சுமாரான பீரையும் பிரிப்பது வெப்பநிலைதான் என்பது என் உறுதியான கருத்து. பெட்டியில் வரும் ஈஸ்ட் பெரும்பாலும், மிதமான வெப்பத்தில் நொதிக்கும் 'ஏல்' என்ற பீர் வகைக்கானது. அது 18 முதல் 22 டிகிரிக்குள் நிதானமாக வேலை செய்யும். வெப்பம் அதற்கு மேல் ஏறினால், பழ வாசனையும் தொண்டையில் எரியும் காரமான சாராயச் சுவையும் பீரில் சேர்ந்துவிடுகின்றன. பிறகு எத்தனை நாள் வைத்திருந்தாலும் அவை முழுவதுமாகப் போவதில்லை. நொதிக்கும்போது கலவை தானாகவும் சூடேறும் என்பதால், அறையின் வெப்பத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. சனவரி, பிப்ரவரியில் இங்கே 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரும். ஆகவே முதல் முயற்சியை, இங்கே வெயில் தணிந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது. கோடையிலேயே தொடங்க நேர்ந்தால், கலத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். வாடகை வீட்டில் கம்பளம் விரித்த அறையைவிடத் துணி துவைக்கும் அறையே இதற்கு ஏற்ற இடம், ஏனெனில் சில சமயம் நுரை பொங்கி வழியும்.

குமிழி நின்றுவிட்டதை மட்டும் வைத்து நொதித்தல் முடிந்ததென்று முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரத்துக்குப் பின், திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள், தொடக்கத்தில் 1.040 அருகில் இருந்த அளவு 1.010 அருகே இறங்கி, அடுத்தடுத்த இரண்டு நாட்களிலும் மாறாமல் நின்றால்தான் பாட்டிலில் அடைக்கலாம். அவசரப்பட்டால் எஞ்சிய சர்க்கரையும் பாட்டிலுக்குள் நொதித்து, அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கும் அபாயம் உண்டு. அதனால் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் பாட்டில்களையே பயன்படுத்துங்கள். பீரில் வாயு சேர்வதற்காக 740 மில்லி பாட்டிலுக்கு இரண்டு சர்க்கரை வில்லைகள் மட்டும் போட்டு, இறுக மூடி, குறைந்தது இரண்டு வாரம் அறை வெப்பத்திலேயே வைத்திருந்து, பிறகு குளிரூட்டுங்கள். ஊற்றும்போது அடியில் படிந்த ஈஸ்டைப் பாட்டிலிலேயே விட்டுவிடலாம்.

வீட்டு பீரில் எவ்வளவு ஆல்கஹால் என்று சொல்லும் சீட்டு இருக்காது. ஹைட்ரோமீட்டர் காட்டிய முதல் அளவிலிருந்து கடைசி அளவைக் கழித்து 131ஆல் பெருக்கினால் ஏறக்குறைய அதன் சதவீதம் கிடைக்கும். பாட்டிலில் போட்ட சர்க்கரைக்காக அரை சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். 4.5 சதவீத பீர் 740 மில்லி என்பது, இந்நாட்டுக் கணக்கில் இரண்டரைக்கும் சற்று மேற்பட்ட 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' (ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால்) ஆகும். வாகனம் ஓட்டுவோரின் இரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலுக்கான வரம்பு 0.05 சதவீதம்தான், புதிதாக உரிமம் பெற்று 'பி' தகடு மாட்டியிருப்பவர்களுக்கோ அது பூஜ்யம். ஆகவே அந்தத் தகடு வண்டியில் இருக்கும்வரை, ஒரு கோப்பை குடித்தாலும் சாவியைத் தொடாதீர்கள்.