வெட்டாமல் ஆறிய பவுத்திரம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஈரோடு உறுப்பினர்:

ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன், வயது 41. பவுத்திரம் என்றால் ஆசனவாயின் உள்ளிருந்து வெளித்தோல் வரை ஒரு பாதை விழுந்து சீழ் கசியும் நோய். இதைப் பற்றி இரண்டு வருடம் மனைவியைத் தவிர யாரிடமும் பேசவில்லை. அதனால் பட்ட கஷ்டம் அதிகம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2021 தீபாவளி சமயம் ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி. மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவினேன். நாலாம் நாள் காய்ச்சல், உட்கார முடியவில்லை. உள்ளூர் மருத்துவமனையில் கீறிச் சீழை எடுத்தார்கள். புண் ஆறியது போலத் தெரிந்தது, அப்புறம் அதே இடத்தில் சிறு துவாரம் விழுந்து கசிய ஆரம்பித்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க அந்த ஈரமும், வேட்டியில் கறை பட்டிருக்குமோ என்ற பயமும்தான் ஆளைக் குறுக வைக்கும்.

"பவுத்திரம்தான், திறந்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி அங்கேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். முன்னதாக ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. மூன்றே மாதத்தில் திரும்ப வந்தது.

பிறகு கோவையில் குடல் அறுவை நிபுணர் ஒருவரைப் பார்த்தேன். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் ஒரு தாளில் ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையங்கள் வரைந்தார். உள் வளையம் நம்மைக் கேட்காமல் தானாகவே இறுகியிருக்கும் தசை. வெளி வளையம், அவசரம் வரும்போது நாம் இறுக்கிப் பிடிக்கும் தசை. என் பாதை இரண்டையும் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. வெளித்தசையில் பாதிக்கு மேல் அதற்குள் அடங்கியிருந்தது, போதாததற்கு ஒரு கிளை வேறு. "இதை அப்படியே தசையோடு வெட்டித் திறந்தால் பவுத்திரம் ஆறிவிடும். ஆனால் காற்றையும் தண்ணீராகப் போகும் மலத்தையும் உங்களால் அடக்க முடியாமல் போகலாம். தசையை வெட்டாமல் பார்ப்போம். ஒரே தடவையில் முடியும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார். அப்படிச் சொன்னதால்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

முதலில் பாதை வழியே ஒரு நூலை விட்டு வெளியே தளர்வாக முடிச்சுப் போட்டார்கள். சீட்டான் என்கிறார்கள். இந்த நூல் எதையும் அறுக்காது. துவாரம் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், சீழ் தேங்காமல் வடியும், கிளைப்பாதை சுருங்கும். நான்கு மாதம் அதோடு இருந்தேன். முடிச்சு குத்தும். பருத்தித் துணி, வெதுவெதுப்பான தண்ணீரில் காலையும் மாலையும் பத்து நிமிடம், இரவில் இசப்கோல், இவ்வளவுதான் தினசரி வேலை. பைக் ஓட்டினேன், கடைக்கும் போனேன்.

பிறகு லிஃப்ட் அறுவை. தாய்லாந்தில் மருத்துவர் அருண் ரோஜனசகுல் 2007இல் வெளியிட்ட முறை. இரண்டு தசைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குள் சிறு கீறல் வழியே போய், அங்கே ஓடும் பாதையை இருபுறமும் கட்டி, நடுவில் துண்டித்துவிடுகிறார்கள். தசையில் கத்தி படுவதில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அது முழுதாக ஆறவில்லை. கீறல் போட்ட இடத்திலேயே மறுபடி கசிவு. அன்று மனம் விட்டுப்போய் அழுதேன். ஆனால் மறு ஸ்கேனில் வெளித்தசை வழியே போன பகுதி மூடியிருந்தது, மிச்சம் இருந்தது தசைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பாதை மட்டும். அதைத் திறந்துவிடுவதில் ஆபத்து குறைவு என்றார். செய்தார். பதினான்கு மாதமாகக் கசிவு இல்லை, அடக்குவதிலும் எந்தக் குறையும் இல்லை.

திருச்சி உறுப்பினர்:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துதான் எனக்கும் தைரியம் வந்தது. இரண்டாவது பிரசவத்தில் எனக்குக் கிழிந்து தையல் போட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பவுத்திரம், அதுவும் முன்பக்கம். பெண்களுக்கு அந்தப் பக்கம் தசை இயல்பிலேயே குட்டை, பிரசவத்தில் கிழிந்தால் இன்னும் மோசம், அதனால் வெட்டவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மலக்குடலின் உள்தோலை மடலாக எடுத்துக் கீழே இழுத்து, பாதையின் உள்வாயை மூடித் தைத்தார்கள். ஒரே தடவையில் ஆறிவிட்டது. தயவுசெய்து பெண்கள் பிரசவக் கிழிசல் பற்றி டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும்வரை நான் சொல்லவில்லை.

மதுரை உறுப்பினர்:

என் அப்பாவுக்குச் சித்த மருத்துவத்தில் காரநூல் கட்டினோம். நாயுருவி உப்பு, கள்ளிப்பால், மஞ்சள் பூசிய நூல், வாரம் ஒருமுறை மாற்றினார்கள். ஒன்பது வாரத்தில் ஆறியது. இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

ஈரோடு உறுப்பினர்:

அப்பாவுக்குக் குணமானது சந்தோஷம். நானும் காரநூல் பற்றி விசாரித்தேன். எனக்குப் போட்டது வடிய விடுகிற நூல், காரநூல் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே வருகிற நூல். அப்பாவுக்குப் பாதை தாழ்வாக, கொஞ்சம் தசையோடு போயிருக்கும் என்று நினைக்கிறேன். என்னுடையது போல உயரமாகப் போகும் பாதையில், மெதுவாக அறுத்தாலும் அறுபடுவது அதே தசைதான். எந்த வைத்தியமானாலும் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு, எவ்வளவு தசை அறுபடும் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

திருச்சி சகோதரிக்கு: டாக்டர் எனக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். காற்றை அடக்குவது போல ஐந்து விநாடி இறுக்கி, விட்டு, பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. இன்றும் செய்கிறேன். உங்களுக்கும் சரிவருமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.