நிற்கும்போதே இரையும் ரோபோ: ரப்பர் வைப்பதா, காலைச் சரிசெய்வதா?

குளச்சல் தம்பி: 17 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) வைத்து மனித உருவ ரோபோ செய்திருக்கிறேன். எல்லாம் எம்ஜி996ஆர் மாடல். நடக்கும்போது வரும் சத்தம் பரவாயில்லை. சும்மா நிற்கும்போதும் வண்டு மாதிரி இரைகிறது. மைக் நெஞ்சிலேயே இருப்பதால் நான் சொல்வது அதற்கு விளங்குவதில்லை. அடுத்த மாதம் பள்ளியில் கண்காட்சி.

குலசேகரம்: நம்ம ஊரில் ரப்பருக்கா பஞ்சம், தம்பி? சர்வோவைப் பூட்டும் எல்லா ஸ்குரூவுக்கும் அடியில் ரப்பர் வளையம் போடு. கியருக்குக் கிரீஸ் வை. உன் அக்ரிலிக் நெஞ்சுப் பலகைதான் பறைத்தோல் மாதிரி சத்தத்தைப் பெருக்குகிறது.

தக்கலை: கிரீஸ் நடக்கும் சத்தத்துக்குத்தான் மருந்து, அண்ணே. நிற்கும்போது கியர் ஓடவே இல்லையே! நாம் சொன்ன கோணத்துக்குக் கால் வரவில்லை என்று சர்வோவுக்குள் கோணத்தை அளக்கும் பொட்டன்சியோமீட்டர் காட்டுகிறது. மோட்டார் தள்ளுகிறது, பாரம் விடவில்லை. சாதாரண அனலாக் சர்வோவில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தள்ளல், நொடிக்கு 50. காதில் விழுவது அதுதான். இதில் கணுக்காலுக்கு ரப்பர் வைத்தால் ரோபோ ஆடும். சர்வோவுக்குத் தன் அச்சு எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் தெரியும், பாதம் சாய்வது தெரியாது.

குலசேகரம்: சரி, அப்படியானால் நிற்கும்போது சர்வோவுக்குப் போகும் சிக்னலை நிறுத்தச் சொல்வாயா? நான் செய்து பார்த்தேன். முழங்கால் மடங்கிக் குப்புற விழுந்து, கழுத்துத் தாங்கி ஒடிந்தது.

தக்கலை: காலுக்கு நிறுத்தக் கூடாது. தலைக்கும் கைக்கும் நிறுத்தலாம். தம்பி, முதலில் ரோபோவை இடுப்பில் பிடித்துத் தூக்கு. அந்தரத்திலும் இரைந்தால் சிக்னலையோ மின்சாரத்தையோ பார்க்க வேண்டும். அடங்கிவிட்டால் காரணம் பாரமாக இருக்கலாம், அல்லது இரண்டு காலும் ஒன்றையொன்று இழுக்கலாம். இரண்டு பாதமும் தரையில் ஒட்டி நிற்கும்போது கோணம் ஒரு டிகிரி பிசகினாலும் இடுப்பு சர்வோக்கள் மல்லுக்கு நிற்கும்.

முட்டம்: ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் பின்னில் இருந்து நிரல் வழியாகவே சர்வோவுக்குப் பல்ஸ் (கோணத்தைச் சொல்லும் மின்துடிப்பு) அனுப்பினால் நடுக்கம் வரும். பல்ஸைத் தானே சீராக உண்டாக்கும் பிசிஏ9685 பலகை போட்டால் அது நின்றுவிடும். எங்கள் பக்கம் உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்கிறது, அதையும் துடைத்துப் பாருங்கள்.

குளச்சல் தம்பி: தூக்கினேன், அடங்கிவிட்டது. பிசிஏ9685 ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம் தரையில் வைத்து வலது பாதத்தை மட்டும் ஒரு நூல் உயர்த்தி விட்டேன். பாதம் வெளிப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது, இரைச்சல் பெருமளவு போய்விட்டது. இடுப்பு சர்வோவின் பல் வைத்த அச்சில் மாட்டும் ஹார்ன் என்ற கையைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறேன். 25 பல் என்றால் ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி! மீதியை நிரலில் ஒப்பேற்றியிருந்தேன், சரியாக ஒப்பவில்லை. இப்போது முழங்கால் மட்டும் முனகுகிறது.

தக்கலை: நிற்கும்போது முழங்காலை எவ்வளவு மடக்கியிருக்கிறாய்? நாற்காலி இல்லாமல் உட்காருகிற மாதிரி நிறுத்தினால் முழுப் பாரமும் அந்த சர்வோ மேல்தான். பேச்சைக் கேட்கும் நேரத்தில் காலை நிமிர்த்து, பாரம் சட்டத்தின் வழியாக இறங்கட்டும்.

குலசேகரம்: கால் விஷயத்தில் தக்கலை சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நெஞ்சுப் பலகையை நான் விடமாட்டேன். சர்வோவுக்கு வேண்டாம், மைக்குக்கு அடியில் ரப்பர் வை. பலகையின் அதிர்வு மைக்கில் ஏறாது.

குளச்சல் தம்பி: இன்று ராத்திரியே இரண்டையும் செய்கிறேன், அண்ணே.