அப்பாவுக்கு வால்வு ஆபரேஷன்: டாக்டரிடம் என்ன கேட்கணும்?

சிங்காரத்தோப்பு மகள்:
கடலூரிலிருந்து எழுதுகிறேன். அப்பா கடலுக்குப் போகிறவர், வயது 54. சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதயத்தில் மைட்ரல் என்கிற வால்வு சுருங்கிவிட்டதாம். அடுத்த வாரம் புதுச்சேரியில் மாற்று வால்வு வைக்கிறார்கள். "நெஞ்சைப் பொளப்பாங்களாமே, கண்ணு முழிப்பனா?" என்று ராத்திரியெல்லாம் கேட்கிறார். ஓ.பி. கூட்டத்தில் டாக்டரிடம் எதுவும் பேச முடியவில்லை. எதைக் கேட்பது?

முத்தியால்பேட்டை அக்கா:
தங்கச்சி, நான் இதய அறுவை ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருந்தவள். என்னோடு வேலை பார்த்த சர்ஜன் ஒருவர், முந்தின நாள் சாயங்காலம் கட்டில் பக்கம் ஸ்டூல் போட்டு உட்காருவார். வால்வைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வார். கண் விழிக்கிற நேரத்தைப் பற்றித்தான் பேச்செல்லாம். "தொண்டையில குழாய் இருக்கும், பேச வராது. குரல் போயிடல, குழாயை எடுத்ததும் பேசுவீங்க. நீங்களே பிடுங்கிடக் கூடாதுன்னு கையை லேசா கட்டியிருப்போம். வலிச்சா நர்ஸம்மா கையை அழுத்துங்க."

இதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் விழித்ததும் என் கையைத் தேடுவார்கள். கேட்காமல் வந்தவர்கள் குழாயோடு போராடுவார்கள், பி.பி. எகிறும். எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் இதைக் கேளுங்கள். பதிலை உங்களிடம் அல்ல, அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வில்லியனூர்க்காரர்:
உலோக வால்வா, விலங்குத் திசுவில் செய்த திசு வால்வா என்றும் கேளுங்கள். என் மனைவிக்கு உலோகம். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை, ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று டெஸ்டில் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2.5 முதல் 3.5க்குள் நிற்க வேண்டும். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று கீரையையே விட வேண்டாம், அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும். திசு வால்வு 10, 15 வருஷத்தில் தேய்ந்துவிடலாம். எங்கள் டாக்டர் முடிவு சொல்வதற்கு முன் "ரத்தம் டெஸ்ட் பண்ண வீட்டுலேர்ந்து எவ்ளோ தூரம் போகணும்? கூட யார் வருவாங்க?" என்றுதான் கேட்டார். உங்கள் அப்பாவுக்கு மீன் முள்ளும் தூண்டிலும் குத்துமே, தொழிலைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

சிங்காரத்தோப்பு மகள்:
அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "எப்ப வலை இழுக்கலாம்னு கேளு" என்கிறார்.

முத்தியால்பேட்டை அக்கா:
நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள், எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை வலை, நங்கூரம் எதுவும் தொடக்கூடாது. பிறகும் டாக்டர் சொன்னால்தான். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல்லைக் காட்டியாச்சா? சொத்தைப் பல்லிலிருந்து கிருமி புது வால்வுக்குப் போய்விடும், ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.