கன்னத்தில் கொசு

மனநல வார்டில் நோயாளிகளைக் கட்டிப்போடுவது பற்றி ஆளுக்கொன்றாக எழுதுகிறீர்கள், 11 வருடமாக அங்கே நர்ஸாக இருப்பவள் என்பதால் நானும் சொல்லிவிடுகிறேன்.

சேர்ந்த புதிது. நைட் டூட்டியில் 40 பேருக்கு நானும் சீனியர் சிஸ்டரும் ஒரு ஆயாவும்தான். ஒரு அம்மா தூங்காமல் கட்டிலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார், யாரையும் அடிக்கவில்லை, மாட்டுக்குத் தண்ணி வைக்கணும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஊசி போட்டுக் கட்டிடு, மத்தவங்களைப் பார்க்கணும்ல" என்றார் சிஸ்டர். மணிக்கட்டில் பஞ்சு வைத்து, பேண்டேஜ் துணியால் கட்டி, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். படித்தபடி எல்லாம் சரியாகத்தான் செய்தேன். கொஞ்ச நேரத்தில் மெதுவாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, கன்னத்துல கொசு கடிக்குது, கொஞ்சம் ஓட்டி விடேன்."

கேஸ் ஷீட்டில் அவரை 'வயலன்ட்' என்று எழுதியிருந்தோம்.

2017 மனநலச் சட்டப்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும், காரணமும் நேரமும் எழுத வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்றும் கட்டக் கூடாது. சங்கிலி அறவே கூடாது; 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் பிடித்த தீயில் இறந்த 28 பேரில் பலர் சங்கிலியோடு கிடந்தவர்கள். டூட்டி ரூமில் இதைப் பேசினால் "அடி வாங்குறது நாமதானே" என்பார்கள். பொய்யில்லை, என் தோழிக்கு நெற்றியில் தையலே போட்டார்கள். ஆனால் பயந்து கட்டியதையும் ஆளில்லாமல் கட்டியதையும் "அவங்க நல்லதுக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லி நாங்களே நம்பிவிட்டோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பதில்:

அக்கா, நான் அப்படிக் கட்டிலில் கிடந்தவன். எப்போது அவிழ்ப்பார்கள் என்று தெரியாமல் கிடப்பது பெரிய கொடுமை. கேட்டால் "அமைதியா இருந்தா அவிழ்ப்போம்". அமைதியாக இருந்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கத்தினால் இன்னும் இறுக்குவார்கள், சரி, என்னதான் செய்வது? அங்கே வார்டு பாயாக ஒரு அண்ணன் இருந்தார். தன் வாட்ச்சைக் கண்ணெதிரே காட்டி, "பெரிய முள்ளு ஆறுக்கு வந்ததும் நானே வந்து அவிழ்க்கிறேன் தம்பி, நடுவுல ஒண்ணுக்கு வந்தா கூப்பிடு" என்றார். முள் ஆறைத் தொடும் முன்னாலேயே வந்துவிட்டார்.