புழுங்கலரிசியை விட்டு வெள்ளை அரிசிக்கு மாறினால் வைட்டமின் பி1 குறையுமா?

ஆயர் ஈத்தாம் மருமகள்:
வணக்கம். அந்தக் காலத்து மலாயாத் தோட்டத் தமிழர்களுக்குப் பெரிபெரி (நரம்பையும் இதயத்தையும் கெடுக்கும் நோய்) அதிகம் வரவில்லை, காரணம் புழுங்கலரிசி என்று ஒரு பேச்சு இருக்கிறது. உண்மையா? இப்போது பினாங்கில் பல வீடுகளில் சியாம் (தாய்லாந்து) வாசனை அரிசிதான். அதை நான்கு தண்ணீரில் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் என்ன மிஞ்சும்? இன்னொன்று: மாமனாருக்குச் சர்க்கரை, ஏழு வருடமாக மெட்ஃபார்மின். இரவில் பாதம் எரிகிறது. பார்மசியில் கிடைக்கும் பி மாத்திரையை வாங்கிக் கொடுக்கலாமா?

பதிவேட்டுப் பூச்சி:
உண்மைதான். அதை நிரூபித்த இடமே நம் கோலாலம்பூர். அங்கிருந்த மனநோயாளர் விடுதியில் 1905இல் பெரிபெரி பரவியது. வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குச் சியாம் பச்சரிசி, இரட்டைப்படைக்காரர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்றக் கறி காய் எல்லாம் ஒன்றே. இடத்தில்தான் ஏதோ தொற்று என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகப் பாதியில் இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றிப் போட்டார். பச்சரிசிக் கூட்டத்தில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் கூட்டத்தில் இரண்டே பேருக்கு நோய், அந்த இருவரும் வரும்போதே அதோடு வந்தவர்கள்.

அதற்குப் பிறகு பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலான் ஜெலுபுவில் சாலை போட வந்த ஜாவாக்காரர்களை வைத்து இதையே சோதித்தார்கள். வெள்ளை அரிசி தின்ற கூட்டத்தில் மூன்று மாத வாக்கில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. அரிசியில் விஷம் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு போகிற ஏதோ ஒன்று குறைகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அந்த 'ஏதோ ஒன்று' தயமின், அதாவது பி1.

தமிழ்ப்பித்தன்:
பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் வைட்டமினை அறிந்துதான் நெல்லை அவித்தார்கள்!

பதிவேட்டுப் பூச்சி:
தம்பி, அவ்வளவு தூரம் போக வேண்டாம். அவித்தால் உமி எளிதாகக் கழலும், அரிசி நொய்யாக உடையாது, பூச்சியும் குறைவு. அதற்காகத்தான் அவித்தார்கள், சத்து கூடவே வந்தது. தோட்டத்தில் ரேஷனாகப் போட்டதும் அந்த அரிசிதான். சுரங்கத்துச் சீனர்களுக்குப் பிடித்தது வெள்ளையாகத் தீட்டிய அரிசி, அதனால்தான் அடி அவர்கள் மேல் விழுந்தது. நம்மவர்களை மலேரியாவும் கொக்கிப்புழுவும் தின்றன, அதற்கு அரிசி காவல் நிற்கவில்லை.

கஞ்சித்தொட்டி:
சமையல் பக்கத்தை நான் சொல்கிறேன். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேக வைக்கும்போது உமிக்கடியில், தவிட்டில் இருக்கிற பி1 தண்ணீரோடு கரைந்து உள்ளே இறங்குகிறது. மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு தீட்டினாலும் முழுசாகப் போகாது, கழுவினாலும் பச்சரிசி அளவுக்குப் போகாது.

கணக்குப் போடுங்கள். 100 கிராம் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியில் பி1 சுமார் 0.07 மி.கி. புழுங்கலில் சுமார் 0.2. கைக்குத்தல் அரிசியில் இன்னும் கூடுதல், தவிடு நீக்காததில் 0.4 வரை. ஆணுக்கு ஒரு நாளைக்கு 1.2 மி.கி., பெண்ணுக்கு 1.1, கர்ப்பிணிக்கு 1.4 வேண்டும். 300 கிராம் வெள்ளை அரிசி சமைத்தால் 0.2 மி.கி.தான், அதிலும் பிசைந்து கழுவினால் கால்பங்குக்கு மேல் சிங்க்கில் போய்விடும். மிச்சத்தில் கொஞ்சம் வடிகஞ்சியில். ஆக அரிசியிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஆனால் பயப்பட வேண்டாம். பெரிபெரி வந்தவர்கள் அரிசியும் ஒரு துண்டு கருவாடுமாகச் சாப்பிட்டவர்கள். சாம்பார் வைக்கிற வீட்டில் 60 கிராம் துவரம்பருப்பு கிட்டத்தட்ட 0.35 மி.கி. தரும், ஒரு பிடி வேர்க்கடலை 0.2. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, எள், கோதுமை மாவு, பன்றி இறைச்சி எல்லாமே நல்ல மூலம். சத்து எங்கே போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்:

கல், தூசி போகிற அளவுக்கு இரண்டு முறை அலசினால் போதும், உள்ளங்கையில் வைத்துத் தேய்க்காதீர்கள். குக்கரில் தண்ணீர் அளந்து வையுங்கள். வடித்தே ஆக வேண்டுமென்றால் அந்தக் கஞ்சியை ரசத்திலோ குழம்பிலோ ஊற்றுங்கள். தைப்பூசத்துக் கடலை சீக்கிரம் வேக வேண்டுமென்று ஆப்ப சோடா போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்: காரத்தில் பி1 உடைந்துபோகும். முந்தின இரவே ஊறவைத்தால் சோடாவே வேண்டாம். சாப்பாட்டோடு கடுந்தேநீர், வெற்றிலைப் பாக்கு இரண்டும் பி1ஐக் கெடுப்பவை, ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

மருந்துக்கடை மேசை:
மாமனார் விஷயத்துக்கு வருகிறேன், அவசரப்பட்டு வாங்காதீர்கள் அக்கா. மெட்ஃபார்மினோடு பாதம் எரிகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பி12, பி1 இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் மெல்ல மெல்லக் குறைக்கிறது. கல்லீரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருப்பதால் பாதிப்பு தாமதமாகத்தான் தெரியும். அவர் சைவமா? கேஸ்ட்ரிக்குக்கு ஒமெப்ரசோல் போடுகிறாரா? இரண்டும் சேர்ந்தால் சந்தேகம் இன்னும் கூடும். சர்க்கரையே நரம்பைக் கெடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு, இரண்டையும் பார்வையால் பிரிக்க முடியாது.

அதனால் அரசாங்கக் கிளினிக்கில் அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது பி12 கேளுங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். தொடங்கிய பிறகு எடுத்தால் எண் ஏறிக் காட்டும், உண்மை மறைந்துவிடும். லிட்டருக்கு 148 பிகோமோலுக்குக் கீழே என்றால் குறைபாடு. அதிலிருந்து 220 வரை இரண்டுங்கெட்டான், டாக்டர் மேற்கொண்டு பார்ப்பார். குறைவாக இருந்தால் ஊசி, அல்லது தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை. அவ்வளவு பெரிய அளவு எதற்கு என்றால், சாதாரண வழி அடைபட்டாலும் சுமார் நூற்றில் ஒரு பங்கு தானாகவே ஊறி உள்ளே போகும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, ரத்தசோகை என்று ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுப்பது: ரத்தம் சரியாகிவிடும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு, 'நரம்பு மாத்திரை' என்று விற்கும் பி1, பி6, பி12 மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அட்டையைத் திருப்பி பி6 எவ்வளவு என்று பாருங்கள். சிலவற்றில் ஒரு மாத்திரையில் 100, 200 மி.கி. இருக்கும். அதை மாதக்கணக்கில் விழுங்கினால் அந்த பி6 தானே கால் மரத்துப் போகச் செய்யும். எரிச்சலுக்குப் போட்ட மாத்திரையே எரிச்சலைத் தரும், நோய் முற்றுகிறது என்று இன்னொன்று சேர்த்துப் போடுவார்கள்.

ஆயர் ஈத்தாம் மருமகள்:
நன்றி எல்லாருக்கும். சைவம்தான், ஒமெப்ரசோலும் உண்டு. ரத்தப் பரிசோதனை முடியும்வரை எதுவும் வாங்கவில்லை. இன்னொரு கேள்வி: அப்படியானால் இன்று பி1 குறைபாடு யாருக்குத்தான் வருகிறது?

மருந்துக்கடை மேசை:
தொடர்ந்து குடிப்பவர்கள், மசக்கையில் வாரக்கணக்கில் வாந்தி எடுப்பவர்கள், எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், ஃப்ரூஸமைட் போன்ற நீர் மாத்திரையை நீண்ட காலம் போடுபவர்கள். உடம்பில் கையிருப்பு சுமார் 30 மி.கி.தான், ஒன்றும் உள்ளே போகாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தீரும். குந்தி உட்கார்ந்தவர் கைகொடுக்காமல் எழ முடியவில்லை, கெண்டைக்கால் அழுத்தினால் வலி, கால் வீக்கத்தோடு மூச்சு வாங்குகிறது: இவையெல்லாம் பெரிபெரி அடையாளம். குழப்பம், தள்ளாட்டம், கண் சரியாக அசையாமல் இரட்டையாகத் தெரிவது வந்தால் வீட்டு மருந்து பார்க்காமல் அன்றே மருத்துவமனை. அவருக்கு குடிப்பழக்கமோ நீண்ட வாந்தியோ உண்டு என்பதை முதலிலேயே சொல்லுங்கள், பி1ஐ ஊசியில் ஏற்றாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் செலவாகி மூளை மோசமாகும்.

கஞ்சித்தொட்டி:
ஒன்று விட்டுப்போச்சு, பிள்ளை பெற்றவள். பத்தியம் என்று நாற்பது நாளும் வெறும் சோறும் மிளகு ரசமும் கொடுக்கிற வீடுகள் இன்னும் உண்டு. தாயிடம் பெரிதாக அறிகுறி ஒன்றும் தெரியாது, ஆனால் பாலில் பி1 குறையும். இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்காமல், அழுதால் குரலே எழும்பாமல், மூச்சு வாங்கினால் அது கைக்குழந்தைப் பெரிபெரியாக இருக்கலாம், சில மணி நேரத்தில் உயிர் போகும். பத்தியத்தில் பருப்பை விலக்காதீர்கள். வாயு என்று பயந்தால் பாசிப்பருப்பை நன்றாகக் குழைய வேகவைத்து, பூண்டு பெருங்காயம் போட்டுக் கொடுங்கள்.