பில் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது, தேடினால் கிடைப்பதில்லை: ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

கேள்வி: தென்பெண்ணைக்கரை

வணக்கம். புதுச்சேரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். எங்களிடம் ஜி.எஸ்.டி. கணக்கு கொடுத்திருக்கும் பார்ட்டிகள் நாற்பதுக்கு மேல். பாதிப் பேர் புதுச்சேரி, பாகூர், வில்லியனூர் பக்கம்; மீதிப் பேர் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி.

பில்கள் வரும் வழிதான் பிரச்சினை. சிலர் என் சொந்த எண்ணுக்கு அனுப்புகிறார்கள், சிலர் ஆடிட்டர் சாருக்கு, சிலர் மெயிலுக்கு. ஒரு குடும்பத்தில் அண்ணன் கடைக்கும் தம்பி கடைக்கும் சேர்த்து ஒரே குழு. இரவு பத்து மணிக்கு மேல் கொள்முதல் பில் படங்கள் வரிசையாக வந்து விழும். நடுவில் ஒரு காலை வணக்கப் படமும் கோயில் கும்பாபிஷேக அழைப்பும் இருக்கும். பிறகு ஒரு குரல் பதிவு: "அந்தப் பில்லில் கொஞ்சம் மாற்றம் இருக்கிறது, பழையதை விட்டுவிடுங்கள்." எந்தப் பில் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, எல்லையில் இருக்கிறவர்களுக்கே புரியும். பாகூர் கடைக்காரர் மஞ்சக்குப்பத்தில் சரக்கு வாங்கினால் அது வெளிமாநிலக் கொள்முதல்; மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. வரி வரும். பில்லில் விற்றவரின் ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. படம் எடுக்கும்போது மேல்பக்கம் வெட்டுப்பட்டு அந்த இரண்டு இலக்கம்தான் போய்விடுகிறது. உடனே போன் செய்து மறுபடி கேட்க வேண்டும்.

குழுக்களை ஒலியடக்கிப் பார்த்தேன்; அவசரமானதும் சேர்ந்து அடங்கிவிட்டது. முக்கியமானதற்கு நட்சத்திரம் போட்டேன். இப்போது நட்சத்திரப் பட்டியலே நீளமாகிவிட்டது. மெயிலில் வங்கி அறிவிப்பு, மென்பொருள் விளம்பரம், ஜி.எஸ்.டி. தளத்திலிருந்து வருவது எல்லாம் ஒரே குவியல். மாதாந்திரக் கெடுவான 11ஆம் தேதியும் (விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1) 20ஆம் தேதியும் (வரி கட்டும் 3பி) நெருங்கும்போது டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றுவதைவிடத் தேடுவதற்கே அதிக நேரம் போகிறது. பணம் கட்டி வாங்கும் செயலிக்கு சார் ஒப்புக்கொள்ள மாட்டார். இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

பதில்: முதுநகர் கணக்கர்

சகோதரி, புதுச் செயலி வேண்டாம். பில் வந்து சேரும் இடமும் தங்கும் இடமும் ஒன்றாக இருப்பதுதான் கோளாறு. தபால்காரர் கொடுத்ததையெல்லாம் வாசல் திண்ணையிலேயே அடுக்கிவைத்தால் எந்தக் கடிதம் கிடைக்கும்? ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு காலத்துக்கு வாட்ஸ்அப்பை நம்ப முடியாது. பதிவிறக்காமல் விட்ட படம் சில வாரம் கழித்துத் தொட்டால் திறக்காமலும் போகலாம்.

முதலில் அலுவலகத்துக்கென்று தனி எண் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். இலவசம்தான். ஒரு கணக்கை நான்கு சாதனங்கள் வரை கூடுதலாக இணைக்கலாம். ஆகவே சாரும் நீங்களும் கணினியிலேயே பார்க்கலாம். கணினியில் திறந்தால் போனிலிருந்து படத்தை மாற்றும் வேலையே இல்லை, நேராகக் கோப்புறையில் சேமித்துவிடலாம். கூகுள் டிரைவில் பார்ட்டிக்கு ஒரு கோப்புறை, அதற்குள் மாதத்துக்கு ஒன்று. கொள்முதல், விற்பனை என்று அதற்குள்ளும் பிரிக்காதீர்கள். பிரிக்கப் பிரிக்கப் போடுகிற கை சலித்துவிடும். டிரைவில் தேடினால் படத்துக்குள் அச்சான எழுத்தையும் அது படிக்கும், பில் எண்ணை அடித்தாலே பெரும்பாலும் வந்துவிடும். கையெழுத்துப் பில்லுக்கு இது சரிவராது. அதற்கு மட்டும் கோப்பின் பெயரில் கடையையும் தேதியையும் எழுதுங்கள்.

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். 'டாகுமெண்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், எண்கள் தெளிவாக இருக்கும். தலைப்பு வெட்டுப்படுவதற்கு, டிரைவ் செயலியில் இருக்கும் ஸ்கேன் வசதியை உங்கள் பெரிய பார்ட்டிகளுக்கு ஒருமுறை நேரில் காட்டிக்கொடுங்கள். தாளின் நான்கு ஓரத்தையும் அதுவே கண்டுபிடித்து பி.டி.எஃப். ஆக்கிவிடும்.

மெயிலுக்கு வடிகட்டி போடுங்கள். அனுப்புநர் முகவரியில் ஜி.எஸ்.டி. தளத்தின் பெயர் இருந்தால் தனி லேபிள். வருமான வரித் தளத்துக்கு இன்னொன்று. விளம்பரங்கள் இன்பாக்ஸைத் தொடாமல் நேராகக் காப்பகத்துக்கு. ஆனால் மெயிலை மட்டும் நம்பாதீர்கள். பதிவின்போது கொடுத்த மெயில் முகவரி பார்ட்டியினுடையதாக இருந்தால் நோட்டீஸ் வந்ததே நமக்குத் தெரியாது. வாரம் ஒரு நாள் தளத்துக்குள் போய் 'கூடுதல் நோட்டீஸ்கள்' பகுதியையும் திறந்து பார்க்க வேண்டும்.

பதில்: வில்லியனூர் கடைக்காரர்

நான் ஆடிட்டர் இல்லை, பில் அனுப்புகிற பக்கம் இருப்பவன். எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒருமுறை கூகுள் படிவம் கொடுத்து அதில் ஏற்றச் சொன்னார்கள். கோப்பு ஏற்ற வேண்டுமென்றால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்கிறது. கடையில் பில் போடும் பையனுக்கு என் கடவுச்சொல்லை எப்படிக் கொடுப்பேன்? இரண்டு மாதத்தில் எல்லோரும் வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிட்டோம். தயவுசெய்து எங்களை மாற்றப் பார்க்காதீர்கள்.

எங்களுக்கு உதவுவது வேறு. 14ஆம் தேதி, விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி ஜி.எஸ்.டி. தளத்தில் வந்தவுடன் அதில் இருப்பதையும் எங்களிடமிருந்து வந்ததையும் ஒப்பிட்டு, "இந்த நான்கு பில் இன்னும் வரவில்லை" என்று எண்ணோடு கேளுங்கள். அன்றே தேடிக் கொடுத்துவிடுவோம். "பில் அனுப்புங்கள் சார்" என்று பொதுவாகக் கேட்டால் எதை அனுப்புவது என்று தெரியாமல், அனுப்பியதையே மறுபடி அனுப்புவோம். உங்கள் குவியலில் பாதி அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

பதில்: முதுநகர் கணக்கர்

அவர் சொல்வது முழுக்கச் சரி. தலைகீழாகவும் பாருங்கள்: பில் நம் கையில் இருக்கிறது, 2பி-யில் இல்லை என்றால் பெரும்பாலும் விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1 இன்னும் போட்டிருக்க மாட்டார். அந்தப் பட்டியலையும் பார்ட்டிக்கு அனுப்பினால் அவரே விற்றவரை நெருக்குவார். கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வரி வரவு போனால், போவது அவர் பணம் அல்லவா.

பதில்: ஆல்பேட்டை வாசி

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. சகோதரியின் சொந்த போனில் பார்ட்டிகளின் ஆதார், பான் அட்டைப் படங்களும் இருக்கும். வாட்ஸ்அப் அமைப்பில் 'மீடியா விசிபிலிட்டி' என்பதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அவை குடும்பப் படங்களோடு கேலரியில் கலந்து, கூகுள் போட்டோஸ் வழியாக உங்கள் சொந்தக் கணக்கிலும் ஏறிவிடும். வேலையை விட்டுப் போனாலும் அடுத்தவர் அடையாள அட்டை உங்களிடமே தங்கியிருக்கும். இது அலுவலகம் கவலைப்பட வேண்டிய விஷயம்.

தென்பெண்ணைக்கரை

எல்லோருக்கும் நன்றி. தனி எண்ணுக்கு சார் ஒப்புக்கொண்டுவிட்டார். மீடியா அமைப்பை உடனே அணைத்துவிட்டேன். கடைக்காரர் அண்ணன் சொன்ன ஒப்பீட்டை இந்த மாதமே தொடங்குகிறேன். எங்கள் பண்ருட்டி முந்திரி பார்ட்டிகளுக்கு அது மிகவும் பொருந்தும்.

இரண்டு சந்தேகம். வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் இருபதுதான் உருவாக்க முடிகிறது, பார்ட்டிகளோ நாற்பதுக்கு மேல். பிறகு, உடனே பதில் வராவிட்டால் சிலர் கோபித்துக்கொண்டு சாருக்கே போன் செய்கிறார்கள். நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே டேலியில் ஏற்ற முடியவில்லை.

பதில்: முதுநகர் கணக்கர்

லேபிளைப் பார்ட்டி பெயரில் வைக்காதீர்கள், பெயர்தான் உரையாடலின் மேலேயே இருக்கிறதே. நிலையைச் சொல்லும்படி வையுங்கள்: 'பில் பாக்கி', 'டேலியில் ஏறியது', 'பார்ட்டியிடம் கேள்வி', 'சலான் அனுப்பியது'. நான்கைந்து போதும். 18ஆம் தேதி 'பில் பாக்கி' லேபிளைத் தொட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பட்டியல் வந்துவிடும். காலாண்டுத் தாக்கல் செய்பவர்களுக்கு மட்டும் தனி லேபிள் ஒன்று. அவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 13, நம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் 3பி கெடு 22.

பதிலுக்கு, தானாகப் போகும் செய்தி ஒன்றை எழுதி வையுங்கள்: "தங்கள் பில் வந்து சேர்ந்தது. மாலை நான்கு மணிக்குப் பார்த்துச் சொல்கிறோம். அவசரமென்றால் அலுவலகத்துக்கு போன் செய்யவும்." வந்து சேர்ந்தது என்று தெரிந்தாலே முக்கால்வாசிப் பேர் அமைதியாகிவிடுவார்கள். சொன்ன நான்கு மணிக்குத் தவறாமல் பாருங்கள். ஒரு வாரம் தவறினால் மறுபடி சாருக்கு போன் போகும்.