'ஓப்பியம்' தோலில் எப்படி மணக்கிறது: புதுப்பிப்பு

ஈவ் சான் லோரானின் 'ஓப்பியம்' என்ற வாசனைத் திரவியம், முகர்ந்து பார்க்கும் காகிதப் பட்டையில் வெறும் கிராம்பாகவே மணக்கிறது, வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மணிக்கட்டில் இட்டுப் பொறுத்திருக்கச் சொன்னீர்கள். செய்தேன்.

தொடக்கத்தில் வரும் ஆரஞ்சு வாசம் சீக்கிரமே ஓடிவிடுகிறது. அடுத்து கிராம்பும் கார்னேஷன் பூவும். இரண்டின் மணத்துக்கும் யூஜெனால் என்ற மணப்பொருள்தான் அடிப்படை என்பதால் எது எங்கே முடிகிறது என்று சொல்லவே முடியவில்லை. பல் மருத்துவர் அறை நினைவுக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அதைக் கடந்தால்தான் விருந்து. வெள்ளைப்போளம், சாம்பிராணி என்ற இரண்டு மரப்பிசின்களின் மணமும் மெல்ல மேலே வருகிறது. இனிப்பு, லேசான கசப்பு, கொஞ்சம் புகை. பிசின்கள் மெதுவாக ஆவியாகும் என்பதால் மறுநாள் காலையிலும் துப்பட்டாவில் வாசம் இருந்தது. தோலில் அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

1977இல் வந்த இதன் கலவை பின்னர் மாற்றப்பட்டது. பழைய குப்பியைத் தேடச் சொன்னவருக்கு: அந்த விலைக்கு எனக்குத் துணிவில்லை. புதியதையே வாங்கிவிட்டேன். மாலை நேரத்துக்கு மட்டும். உச்சி வெயிலில், நெரிசலான பஸ்ஸில் இதைப் போட்டுக்கொண்டு ஏறுவது சக பயணிகளுக்குச் செய்யும் கொடுமை.

அடுத்து எஸ்டே லாடரின் 'சின்னபார்'. மாதிரிக் குப்பி கிடைத்ததும் எழுதுகிறேன்.